காய்ச்சலை மறைக்காத விருந்தாளி வேண்டுமா? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி (2022 மார்ச்): ஏற்காட்டில், ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, எங்கள் காபித் தோட்டத்து வீட்டிலேயே ஐந்து ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம் டாக்டர். கொரோனாவால் 2020 கோடையும் போச்சு, 2021 கோடையும் போச்சு. கடன் இருக்கிறது. இந்த ஏப்ரல், மே மாதங்களுக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இப்போதே போன் வருகிறது. திறக்கலாமா? 71 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார், சர்க்கரை உண்டு. வேலைக்கு வரும் நான்கு பேரும் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் எங்கள் ஊருக்கும் நோய் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒரு ஏஜென்ட் வந்து, மருந்துப் புகை அடிக்கும் மெஷின், நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர், சானிடைசர் ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: வணக்கம்மா. திறங்கள். மெஷின் வாங்காதீர்கள். இதோடு முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த 18,000 ரூபாயை வேறு எங்கே போடுவது என்று சொல்லாமல் விட்டால் சீசன் தொடங்குவதற்குள் இன்னொரு ஏஜென்ட் வந்து 25,000-க்கு வேறு எதையாவது உங்கள் தலையில் கட்டிவிடுவார்.

போன வருஷம் இதே சமயம் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். (கேட்டவர்களிடம் சொல்லவும் செய்தேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அது வேறு கதை.) 2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று அரசே அடைத்தது. மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்குத் தொற்று, நம் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டி வந்தது. அப்போது தடுப்பூசி போட்டிருந்தவர்கள் கொஞ்சம் பேர். இப்போது 2022 மார்ச் கடைசி. ஜனவரியில் ஒமிக்ரான் என்கிற புது வகைக் கொரோனாவின் அலை வந்து ஓய்ந்திருக்கிறது, பெரியவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டாயிற்று, மத்திய அரசும் பேரிடர்ச் சட்டத்தின் கீழ் போட்ட கட்டுப்பாடுகளை 31-ஆம் தேதியோடு விட்டுவிட்டு முகக்கவசமும் கை கழுவுவதும் மட்டும் தொடரட்டும் என்கிறது. ஆகவே திறப்பதில் தப்பில்லை. நோய் போய்விட்டது என்று நம்பித் திறந்தால்தான் தப்பு. இந்தப் பிப்ரவரி, மார்ச்சில் ஹாங்காங்கில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்களில் பெரும்பகுதி ஊசி போடாத முதியவர்கள், கொன்றது இதே ஒமிக்ரான்தான். "ஒமிக்ரான்னா வெறும் சளி" என்பது ஊசி போட்ட உடம்புக்குச் சொன்ன வார்த்தை.

சரி, மெஷினுக்கு வருகிறேன். புகை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதனால் விற்கிறது. கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சுக் காற்றில். மேசையைத் தொட்டு, கதவைத் தொட்டு வருவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. ஆட்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று நம் மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கும் ஒரு வருஷம் முன்பே, 2020 ஏப்ரலில் சொன்னது. சோப்புத் தண்ணீர் போட்டுத் துடையுங்கள், கை கழுவ ஒரு குழாயும் சோப்பும் வாசலில் வையுங்கள், அது போதும்.

நெற்றித் தெர்மாமீட்டர் இன்னும் வேடிக்கை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வருகிறவனின் நெற்றி சில்லிட்டுப் போயிருக்கும், உள்ளே காய்ச்சல் இருந்தாலும் மெஷின் பச்சை விளக்குதான் காட்டும். அதோடு காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இந்த நோய் பரவ ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் பாராசிட்டமால் என்று ஒன்று இருக்கிறதே.

அது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஜனவரியில் என்னிடம் ஒரு குடும்பம் வந்தது, சேலத்துக்காரர்கள்தான், எட்டுப் பேர். ஒரு மலைவாசஸ்தலத்தில், எது என்று வேண்டாம், இரண்டு ராத்திரிக்கு ரூம் போட்டிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி சின்னப் பையனுக்குக் காய்ச்சல். லாட்ஜுக்குப் போன் செய்தால் கட்டின 6,000 ரூபாய் திரும்ப வராது, தேதியும் மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அந்த அப்பா என்ன செய்வார்? காலையில் பையனுக்கு ஒரு கரண்டி பாராசிட்டமால் சிரப் ஊற்றி வண்டியில் ஏற்றினார். லாட்ஜ் வாசலில் நெற்றியில் வைத்துப் பார்த்தார்களாம், 97 டிகிரி, "வெல்கம் சார்" என்று கையில் சானிடைசர் ஊற்றி அனுப்பினார்களாம். அடுத்த வாரம் எட்டுப் பேரில் ஐந்து பேர் என் கிளினிக்கில். அந்த லாட்ஜில் ரூம் துடைத்த பெண்ணும் சாப்பாடு பரிமாறின பையனும் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் இதைச் சொல்லும்போது அந்த அப்பா தலை நிமிரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆறாயிரம் ரூபாய் அவருக்கு அரை மாசச் சம்பளம்.

அதனால் நான் உங்களைச் செய்யச் சொல்கிற முதல் காரியம் புக்கிங் விதியை மாற்றுவது. காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்று யாருக்கு இருந்தாலும், கிளம்புகிற அன்று காலையில் போன் செய்து சொன்னால்கூட, முழு அட்வான்ஸும் திரும்ப வரும், அல்லது ஒரு வருஷத்துக்குள் எந்தத் தேதிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். டாக்டர் சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் கேட்காதீர்கள், கேட்டால் மறுபடி மறைப்பார்கள். பொய்க் காய்ச்சல் சொல்லி ரத்து செய்வார்களே என்பீர்கள். செய்வார்கள், சீசனில் ஒன்றிரண்டு பேர். சீசனில் காலியான ரூமுக்கு ஏற்காட்டில் ஆள் கிடைக்காமலா போகும்? கோடை விழாவும் இரண்டு வருஷமாக நடக்கவில்லை, இந்த மே மாதம் நடந்தால் படகு இல்லத்து வரிசை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த விதியை வெப்சைட்டில் எட்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாளைக்கு வருகிறீர்கள், சந்தோஷம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், பணம் எங்கேயும் போகாது." இந்த ஒரு வரி செய்கிற வேலையை உங்கள் ஏஜென்டின் மெஷின் எதுவும் செய்யாது.

இதே கணக்கு உங்கள் வேலையாட்களுக்கும் பொருந்தும். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வருகிற பெங்களூர்க்காரருக்கு உடம்பு முடியாமல் போனால் அவர் ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. உங்கள் சமையல்கார அம்மா வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கிருந்து சேலம் பெரியாஸ்பத்திரி மலை இறங்கித்தான். அவர்களிடம் போய் "ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஜாக்கிரதையாக இருந்தால் கூலி போகும் என்கிற நிலை இருக்கிறவரை யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்கள், ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு இருமலை அடக்கிக்கொண்டு வேலைக்கு வருவார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஏழு நாள் வீட்டில் இரு, கூலி வந்துவிடும் என்று இப்போதே, நாலு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தினக்கூலி 400 என்று வைத்தால் ஏழு நாளைக்கு 2,800. உங்கள் 18,000 ரூபாயில் ஆறு பேருக்குக் கொடுக்கலாம், உங்களிடம் இருப்பதே நாலு பேர்தான். நாலு பேரும் படுத்தாலும் 6,800 ரூபாய் மிச்சம். அதை நான் எங்கே போடச் சொல்வேன் என்பது கீழே வருகிறது. நாலு பேருக்கும் இரண்டு டோஸ் ஆகியிருக்கிறதா, அவர்கள் வீட்டுக் கிழவன் கிழவிக்கு ஆகியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இந்த மாதம் 16-ஆம் தேதியிலிருந்து போடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

இனி காற்று. "மலைக் காற்று சுத்தம், அங்கே கொரோனா என்ன செய்யும்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வெளியே உண்மைதான். பகோடா பாயின்ட்டில் நின்று யாரும் நோய் வாங்கப் போவதில்லை, லேடீஸ் சீட்டில் முகக்கவசம் போடாதவரைப் பார்த்து முறைப்பதும் வீண். ஆனால் மலைக்கு வருகிறவன் செய்கிற முதல் காரியம் என்ன? ரூமுக்குள் வந்ததும் குளிருது என்று ஜன்னலைச் சாத்துவது. கீழே சேலத்தில் 38 டிகிரியில் வெந்துவிட்டு வந்தவனுக்குச் சாயங்காலம் மூடுபனி இறங்கினதும் பல் கிட்டும், பாவம். சமவெளிக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏசி போட்டு அடைக்கிறான், இங்கே குளிருக்குப் பயந்து அடைக்கிறான், அடைபட்ட காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

என்னிடம் கையடக்கமாக ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருக்கிறது. நாம் விடுகிற மூச்சில் அந்த வாயு இருப்பதால், அறையில் அது ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரியும். திறந்த வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு. அறைக்குள் 800-க்குக் கீழே இருந்தால் நல்லது. போன மாதம் மலையில் தெரிந்தவர் ஒருவரின் விடுதியில் தங்கினபோது அதை எடுத்துப் போயிருந்தேன். என் ரூமில், மூன்று பேர், ஜன்னல் சாத்தியிருந்தது, விடியற்காலையில் 2,600. சாப்பாட்டுக் கூடத்தில் ராத்திரி எட்டு மணிக்கு 1,900. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான், ஒரு ரூமில் ஒரே குடும்பம் படுத்தால் அவர்களுக்குள் இருப்பதை அவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள், அதில் விடுதிக்காரர் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி கார் சாவியை வாங்கப் பின்பக்கம் போனேன். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும், டிரைவர்கள் படுக்கிற இடம். ஒரே ஒரு கதவு, சாத்தியிருந்தது, ஜன்னல் ஓட்டையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஐந்து டிரைவர்கள், ஐந்து வேறு வேறு வண்டி, ஐந்து வேறு வேறு ஊர். பீடி வாடையும் ஈரக் கம்பளி வாடையும். மீட்டரைக் கதவோரம் வைத்தேன், ஏறிக்கொண்டே போய் 3,400-ஐத் தாண்டியது. முன்னாடி எட்டு லட்சம் செலவில் வராந்தாவுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார் மனிதர், பின்னாடி இது. ஒரு டிரைவருக்கு இருந்தால் காலையில் ஐந்து டெம்போ டிராவலரும் ஐந்து ஊருக்கு அதைக் கொண்டுபோகும், வழிநெடுக ஏசியில் உள்காற்றையே சுற்றவிட்டுக்கொண்டு. (கொண்டை ஊசி வளைவில் வாந்திக்குப் பயந்து கண்ணாடியைத் திறக்கிறார்களே, அந்த முக்கால் மணி நேரம்தான் அந்த வண்டியில் நல்ல காற்று.)

உங்கள் கடிதத்தில் டிரைவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. உங்கள் இடத்திலும் ஒரு கொட்டகை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மிச்சமான அந்த 6,800 ரூபாய் அங்கே போகட்டும்: ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப் பக்கத்துச் சுவரில் கூரையை ஒட்டிக் காற்று வர கம்பி வலை போட்ட திறப்பு, ஆளுக்கொரு கனமான கம்பளி. குளிருக்கு வழி கம்பளிதானே தவிர ஜன்னலை அடைப்பது இல்லை. அப்படியே எல்லா ரூமுக்கும் இன்னொரு ரஜாய் கூடுதலாக வைத்து, ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துத் தூங்கச் சொல்லுங்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ குளிருக்கு ரூமுக்குள் எடுத்துப் போகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை மட்டும் கையைப் பிடித்துத் தடுங்கள், கொரோனா கொல்ல வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், கரிப்புகை ஒரே ராத்திரியில் கொல்லும்.

சாப்பாட்டை வராந்தாவுக்கு மாற்றுங்கள். கோடை மழைக்குத் தார்ப்பாய் கட்டுவீர்கள், கட்டுங்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும். மூன்று பக்கமும் தார்ப்பாய் தொங்கினால் அது வராந்தா இல்லை, துணியில் கட்டின ரூம். ரூம் காலி செய்ததும் பெட்ஷீட் உருவ உடனே ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். முதலில் எதிரெதிர் ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போகட்டும். காலி செய்வது 11 மணி, அடுத்தவர் வருவது 1 மணி என்று வைத்தால் இது தானாக நடக்கும். சமையல் கட்டில் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம்தான் அவர்களுக்குள் பரவுகிற நேரம், அதையும் காபி காயப்போடுகிற களத்துக்கு மாற்றினால் நல்லது.

மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 60 வயது தாண்டிய எல்லாருக்கும் இந்த மாதம் 16 முதல் மூன்றாவது ஊசி, முன்னெச்சரிக்கை டோஸ் என்று, அரசு மையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். தேதியைப் பார்த்து, ஆகியிருந்தால் முதல் விருந்தாளி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். அதற்காக அவரை உள் ரூமில் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். அவரைப் பார்த்தது இல்லை, ஆனால் தோட்டத்து வீட்டில் வந்தவர்களிடம் காபி பூத்த கதை சொல்லாத மாமியார் இருக்க முடியாது. சொல்லட்டும், வெளியே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும். உள்ளே, சாத்தின கதவுக்குப் பின்னால் விருந்தாளிகளோடு டிவி பார்ப்பது மட்டும் வேண்டாம். மாமியாருக்குக் கொஞ்சம் தொண்டை கரகரத்தாலும் அன்றே டெஸ்ட் எடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

விருந்தாளி யாராவது உங்கள் இடத்திலேயே படுத்தால்? ஐந்தாவது ரூமை, அது கடைசியில் தனி பாத்ரூமோடு இருக்கிற ரூமாக இருந்தால், வாரக் கடைசியில் காலியாகவே வைத்திருங்கள். மனசு கேட்காது என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஒரு ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுவது) வாங்குங்கள், அது உருப்படியான சாமான். மலைக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப் பூச்சு இல்லாத விரலில் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் படியுங்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நல்ல உடம்புக்காரருக்கே சேலத்தில் காட்டுவதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாக இருக்கும், 96 பார்த்துப் பதற வேண்டாம். 94-க்குக் கீழே போனால், அல்லது பேசவே மூச்சு வாங்கினால், 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் ஒரு மலைக்காரக் கணக்கு இருக்கிறது: சாயங்காலம் நாலு மணிக்கு 95 காட்டி உடம்பு இறங்குமுகமாகத் தெரிந்தால் அப்போதே சேலத்துக்கு அனுப்பிவிடுங்கள். ராத்திரி பனி மூடின பிறகு அந்த வளைவுகளில் இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒமிக்ரான் ஒட்டினால் மூன்று நாளில் தெரியும். சனிக்கிழமை வந்து ஞாயிறு போனவர் புதன்கிழமைதான் படுப்பார், அதனால் உங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் வரவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருக்கலாம். புதன்கிழமை அவர்களுக்கு இன்னொரு வாட்ஸ்அப் போடுங்கள், எல்லாரும் நலமா என்று. இல்லை என்று பதில் வந்தால் அன்றே ஆட்களுக்கு டெஸ்ட். ஒரே வாரத்தில் வேலையாட்களில் இரண்டு பேருக்கு வந்துவிட்டால் ஒரு வாரம் மூடுவது என்று இப்போதே தினக்காலண்டர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். சீசன் நடுவில், ஐந்து ரூமும் புக் ஆகியிருக்கும்போது யோசித்தால் மூட மனசு வராது, எனக்கும் வராது.

அந்த ஏஜென்ட் மறுபடி வந்தால் அவரிடம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கொட்டகையின் நீளம், அகலம், உயரம், கதவு எந்தப் பக்கம் என்பதை எழுதி, முடிந்தால் ஒரு போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எத்தனை இஞ்ச் ஃபேன், எந்தச் சுவரில் என்று பார்த்துச் சொல்கிறேன்.